டைட்டஸ் போட்ட புத்தகம்

ஜூன் 3, செவ்வாய்

மெர்லின் என் போனிலிருந்து இன்ஸ்டாகிராமை எடுத்துவிட்டாள். மனைவியிடம் நானே எடுக்கச் சொன்னேன் என்றும் எழுதலாம். ஞாயிற்றுக்கிழமை நடந்ததற்குப் பிறகு மறுத்துப் பேச எனக்கு வாயில்லை.

கோயிலில் கல்யாணம், படம் எடுக்கப் போயிருந்தேன். போதகரின் ஜெபம் நீண்டுகொண்டே போனது. எல்லாரும் கண்ணை மூடியிருந்தார்கள். டைட்டஸ் இன்றைக்கு என்ன போட்டிருக்கிறான் என்று போனை எடுத்துப் பார்த்தேன். மூணாறு மலைச்சரிவில் ஒரு மணப்பெண், முக்காடு காற்றில் பறக்கிறது. ஆயிரக்கணக்கில் லைக். யார் யார் போட்டிருக்கிறார்கள் என்று பெயர் பெயராகப் பார்த்துக்கொண்டே போனேன். தெரிந்த பெயர்கள் நிறைய. தலையைத் தூக்கியபோது தாலி கட்டி முடிந்திருந்தது.

வீடியோக்காரர் புண்ணியத்தில் தாலி கட்டும் படம் ஒன்றை வீடியோவிலிருந்து உருவிக் கொடுத்துவிடலாம். ஆனால் பெண்ணின் அண்ணன் கோயில் வாசலில் நிற்க வைத்துக் கேட்டதை இங்கே எழுதப் போவதில்லை.

மெர்லின் பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுக்கிறவள். அவளுக்கு எதற்கும் ஒரு வழிமுறை வேண்டும். கை சும்மா இருக்காது, இதில் எழுதுங்கள் என்று இந்த டைரியைக் கொடுத்தாள்.

டைட்டஸ் என்னிடம் லைட் பிடிக்க வந்தவன். ஆறு வருஷம் என்னோடு இருந்துவிட்டு இரண்டு வருஷத்துக்கு முன்னால் தனியாகப் போனான். எனக்கு அவன் மேல் பொறாமை எல்லாம் இல்லை. தொழிலில் யார் என்ன செய்கிறார்கள் என்று தெரிந்திருக்க வேண்டும். அவ்வளவுதான்.

ஜூன் 4, புதன்

கட்டை விரல் தானாகப் போனின் மேல் மூலைக்குப் போகிறது. அந்த இடத்தில் இப்போது கால்குலேட்டர் வந்து உட்கார்ந்திருக்கிறது. காலையிலிருந்து பலமுறை கால்குலேட்டரைத் திறந்துவிட்டேன்.

ஜூன் 11, புதன்

ஆல்பத்துக்கு அட்டை போடக் கொடுத்திருந்த இடத்தில் காத்திருக்கச் சொன்னார்கள். சும்மா உட்கார முடியவில்லை. எதிரே ஒரு பேக்கரி. அதன் மாடிப்படியில் ‘படப் புத்தக அறை, யாரும் வரலாம்’ என்று கையால் எழுதிய பலகை. குழந்தைகளுக்கானது என்று நினைத்துக்கொண்டு ஏறினேன்.

குழந்தைகளுக்கானது இல்லை. மூன்று அலமாரி நிறையப் புகைப்படப் புத்தகங்கள். வைத்திருப்பவர் ஹசீனா. முப்பத்தைந்து வயது இருக்கும். அகமதாபாத்தில் ஒரு வடிவமைப்புக் கல்லூரியில் வேலை பார்த்தாராம். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஊருக்குத் திரும்பியபோது, சேர்த்து வைத்திருந்த புத்தகங்களும் கூடவே வந்துவிட்டன. வீட்டில் இடமில்லை. பேக்கரி மாமாவுடையது. அதனால் இந்த மாடி. வீட்டுக்கு எடுத்துப் போக முடியாது, உட்கார்ந்து எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

நானும் இருபது வருஷமாகப் படம் எடுக்கிறவன் என்றேன். அவர் ஒரு புத்தகத்தை எடுத்து முன்னால் வைத்தார். சமீபத்தில் வந்ததாம். ஒரு பெண் தன் வீட்டு ஜன்னலுக்கு எதிரே இருக்கிற பஸ் நிறுத்தத்தை மட்டுமே எடுத்திருக்கிறாள். மழையில், பனியில், ஆளோடு, ஆளில்லாமல். பாதிப் படங்கள் ஆடியிருந்தன. ஒன்றில் ஃபோகஸே இல்லை. எங்கள் கடையில் இதையெல்லாம் அழித்துவிடுவோம் என்றேன்.

இன்னொன்று எழுத வெட்கமாக இருக்கிறது. ஓரத்தில் நின்ற ஒரு கிழவரின் முகம் சரியாகத் தெரியவில்லை என்று இரண்டு விரலைத் தாளில் வைத்து விரித்தேன். ஹசீனா பார்த்துவிட்டார். எல்லாரும் முதல் நாள் அப்படித்தான் செய்வார்கள் என்றார்.

ஜூன் 13, வெள்ளி

அந்தப் பஸ் நிறுத்தம் நினைவுக்கு வந்துகொண்டே இருக்கிறது. அந்தக் கிழவர் முதலில் ஒரு கிழவியோடு நிற்கிறார். பாதிப் புத்தகத்துக்கு மேல் தனியாக நிற்கிறார். எழுத்து ஒன்றும் இல்லை. நேற்று ராத்திரி சாப்பிடும்போதுதான் எனக்கு அது உறைத்தது.

ஜூன் 24, செவ்வாய்

வேலை குறைவு. நாலு முறை மாடிக்குப் போய்விட்டேன். இன்று மெர்லினையும் கூட்டிப் போனேன்.

ஒருவர் தன் மனைவி இரவு வேலைக்குக் கிளம்புவதை வருஷக்கணக்காக எடுத்திருக்கிறார். தலை வாருகிறாள், பையை மூடுகிறாள், கதவில் கை வைக்கிறாள். அந்த அம்மாள் எந்தப் படத்திலும் சிரிக்கவில்லை. நாங்கள் எடுக்கிற படங்களில் எல்லாரும் எல்லா நேரமும் சிரிக்கிறார்கள். இந்தப் புத்தகத்தில் ஒரு பக்கம் படம், எதிர்ப் பக்கம் வெறும் வெள்ளை. வெள்ளைத் தாளுக்கு யார் காசு கொடுப்பார்கள் என்றேன். மெர்லின், அவள் இல்லாத ராத்திரி அது என்றாள். ஹசீனா அவளைத் திரும்பிப் பார்த்தார். என்னை அப்படிப் பார்த்ததில்லை.

படம் எடுக்கிறவன் நான். சொல்லத் தெரிந்தவள் இவள். வரும் வழியில் மீன் வாங்கினோம். அவளே பேரம் பேசினாள்.

ஜூலை 5, சனி

போனை வரவேற்பறை அலமாரியில் வைத்துவிட்டு நாள் முழுக்கக் கடையில் இருந்தேன். அழைப்பு ஏதும் தவறவில்லை. உலகம் என்னைத் தேடவில்லை என்பது ஒரு வகையில் நிம்மதி.

டைட்டஸ் பக்கத்தைப் பார்த்து ஒரு மாதத்துக்கு மேலாகிறது. அவன் என்ன செய்கிறான் என்பதே எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் தோன்றவில்லை.

தோன்றுகிறது. ஆனால் குறைவாக.

ஜூலை 12, சனி

மாடியில் ஜன்னலோரம் டைட்டஸ் உட்கார்ந்திருந்தான்.

என்னைக் கண்டதும் எழுந்து நின்றான். “அண்ணே, நீங்களும் இங்க வாறியளா?” என்றான். நான் ஒரு மாதமாக என்னுடையது என்று நினைத்திருந்த இடம். அவன் ஒரு வருஷமாக வருகிறானாம். ஹசீனா அவனுக்கு டீ கொடுத்த விதத்திலேயே அது தெரிந்தது. எனக்கு இதுவரை டீ கொடுத்ததில்லை.

அவன் ஒரு புத்தகம் செய்கிறான். வீட்டு பிரிண்டரில் அடித்து, நூலால் தைத்து ஒரு மாதிரிப் பிரதி கொண்டுவந்திருந்தான். அடுத்த மாதக் கடைசியில் சிவகாசியில் அச்சுக்குப் போகிறது. “உங்களுக்குக் காட்டாம எப்படிப் போடுவேன்? நாளைக்கு நானே கடைக்குக் கொண்டாறதா இருந்தேன்” என்றான். உண்மையாகவே இருக்கும். அவன் பொய் சொல்கிறவன் இல்லை. அதுதான் அவனிடம் எனக்குப் பிடிக்காதது.

புத்தகத்தில் மலைச்சரிவு இல்லை, முக்காடு இல்லை. கூட்டம் போன பிறகு கல்யாண மண்டபங்கள். அடுக்கிய பிளாஸ்டிக் நாற்காலிகள். இலைக் குவியலுக்குப் பக்கத்தில் பாத்திரத்தில் தலை வைத்துத் தூங்கும் சமையல்காரர். மேடையில் பூவைப் பிய்த்து மூட்டை கட்டும் இரண்டு பேர். மாப்பிள்ளையின் நாற்காலியில் ஏறி உட்கார்ந்து வெற்றிலை போடும் ஒரு கிழவி.

எல்லா மண்டபமும் எனக்குத் தெரிந்த மண்டபம். பாதிக்கு மேல் அவன் என்னிடம் இருந்த காலத்தில் எடுத்தவை. அந்த இடங்களில் எல்லாம் நானும் இருந்தேன். வயரைச் சுற்றிக்கொண்டு, வேனில் ஏறு என்று அவனைக் கத்திக்கொண்டு இருந்தேன்.

கடைசிக்கு முந்தின படம், மேடையின் ஓரத்தில் ஒரு மனிதர். பெண்ணின் அப்பா. வெள்ளை வேட்டி, சட்டையில் சந்தனம். மடியில் ஒரு ஜோடி பழைய பெண்கள் செருப்பு, செய்தித்தாளில் பாதி சுற்றியபடி. அவர் எங்கேயும் பார்க்கவில்லை. மகள் புதுச் செருப்பில் கிளம்பிப் போயிருக்கிறாள்.

அந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மழை வருகிறது என்று நான் அவசரப்படுத்தினேன். இவன் ஒரு நிமிஷம் என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினான். எட்டிப் பார்த்தேன். அவர் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார்.

எப்படி இருக்கிறது என்று கேட்டான். மற்றதெல்லாம் சரி என்றேன். இந்த ஒரு படத்தை எடுத்துவிடு என்றேன். செருப்பை நீ கையில் கொடுத்து உட்கார வைத்த மாதிரி இருக்கிறது, பார்க்கிறவர்கள் அப்படித்தான் நினைப்பார்கள், மற்ற படங்களையும் அப்புறம் நம்ப மாட்டார்கள் என்றேன்.

டைட்டஸ் அந்தப் பக்கத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். “அப்படியா தெரியுது?” என்றான். “நீங்க பக்கத்துல இருந்தவிய. உங்களுக்கே அப்படித் தெரிஞ்சா சரிதான்.”

கருத்துக் கேட்டான், சொன்னேன். கேட்டவர்களுக்கெல்லாம் இனிப்பாகச் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

ஜூலை 13, ஞாயிறு

தண்ணீர் லாரி வரவில்லை. கோயிலுக்குப் போகவில்லை. தலைவலி.

ஜூலை 22, செவ்வாய்

ஆடி மாதம். கடையில் ஈ ஓட்டுகிறேன். லென்ஸ்களைத் துடைத்தேன், அலமாரியைக் கழுவினேன். மாடிக்குப் போகவில்லை. எல்லாப் புத்தகங்களையும் ஏறத்தாழப் பார்த்தாகிவிட்டது.

ஆகஸ்ட் 2, சனி

மெர்லின் பள்ளிக்கூடத்திலிருந்து வரும் வழியில் மாடிக்குப் போயிருக்கிறாள். ஹசீனா அவளிடம் சொல்லி வருத்தப்பட்டிருக்கிறார். டைட்டஸ் அந்தச் செருப்புப் படத்தை எடுத்துவிட்டானாம். எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லையாம். செல்வின் அண்ணன் பொய் சொல்ல மாட்டாவ என்று என்னைச் சொன்னானாம்.

வந்து முகம்கூடக் கழுவாமல் என் எதிரே உட்கார்ந்தாள்.

“நல்லாயில்லன்னா சொன்னிய?”

“எனக்குத் தோணினதைச் சொன்னேன்.”

“ஹசீனா போன்ல காட்டினாவ. நான் பாத்தேன்.” பையைத் தோளிலிருந்து இறக்கி வைத்தாள். “உங்களுக்கு வயித்தெரிச்சல். வேற ஒண்ணுமில்ல.”

எழுந்து போய் முகம் கழுவினாள். அதற்கு மேல் அதைப் பற்றிப் பேசவில்லை. சண்டையாவது போட்டிருக்கலாம்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

பனிமய மாதா கோயில் திருவிழா. ஊர் முழுக்கத் தலைகள். ஒருவர் படம் எடுக்கக் கூப்பிட்டார், போனேன். எல்லாரும் போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தார்கள். என் கேமராவுக்குள் போன்கள்தான் விழுந்தன.

ஆகஸ்ட் 9, சனி

இன்று கடைக்கு ஒரு பெண் வந்தாள். பெயர் பொன்மலர். நாலு வருஷத்துக்கு முன்னால் அவள் கல்யாணத்துக்கு நான்தான் படம் எடுத்தேன் என்றாள். முகம் நினைவில் இல்லை. கல்யாணப் பெண்களின் முகம் நினைவில் நிற்பதில்லை, அலங்காரம்தான் நிற்கும்.

அப்பா மே மாதம் இறந்துவிட்டார். சுயம்பு என்று பெயர், உப்பு லாரி ஓட்டியவர். சட்டம் போட்டு மாட்ட ஒரு நல்ல படம் இல்லையாம். லைசென்ஸில் இருக்கிற படத்தைத்தான் பெரிதாக்கி மாட்டியிருக்கிறார்கள். கல்யாணத்தில் எடுத்ததில் அவர் தனியாக இருக்கிற மாதிரி ஒன்று இருந்தால் போதும் என்றாள்.

பழைய ஹார்டு டிஸ்கை மாட்டினேன். அவளும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். ஆயிரத்துக்கு மேல் படங்கள். சுயம்பு பல படங்களில் இருந்தார். அதாவது அவருடைய தோள் இருந்தது, பாதி முகம் இருந்தது, மாலைக்குப் பின்னால் ஒரு நெற்றி இருந்தது. மேடையில் நின்ற ஒரு படத்தில் முழுதாக இருந்தார், போலீஸ் ஸ்டேஷனில் நிற்கிறவர் மாதிரி. அதைப் பெரிதாக்கிக் காட்டினேன்.

“இது அப்பா இல்லண்ணே. கேமராவைப் பாத்தா வேற ஆளாயிருவாவ” என்றாள். பிறகு என்னைச் சங்கடப்படுத்திவிட்டோம் என்று நினைத்தாளோ என்னவோ, “பரவால்லண்ணே, கல்யாணத்துல எங்க நேரம் இருக்கும்” என்று சொல்லிக்கொண்டே எழுந்தாள்.

படத்தில் மேடையைத் தாண்டி அவர் பின்னால் சுவரில் இருந்த தோரணத்தைப் பார்த்தேன். வாழைக்குலையும் காகித மயிலும். மண்டபத்தை அடையாளம் தெரிந்துவிட்டது. ஆளையும். செருப்பை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தவர்.

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். போன் நம்பரை மட்டும் வாங்கி வைத்திருந்தேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

நான் வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. அவளுக்கு அப்படி ஒரு படம் இருப்பதே தெரியாது. டைட்டஸுக்கு அவர் இறந்தது தெரியாது. மேடைப் படத்தையே கொஞ்சம் சரி பண்ணி, பின்னணியை மாற்றி, உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு வரவழைத்து அவளுக்குக் கொடுத்துவிடலாம்.

சாயங்காலம் வரை அதைத்தான் செய்தேன். சிரிப்பு நன்றாகவே வந்தது. அழித்துவிட்டேன்.

ஆகஸ்ட் 14, வியாழன்

பொன்மலரை டைட்டஸின் ஆபீஸுக்குக் கூட்டிப் போனேன். இதுவரை அங்கே போனதில்லை. கண்ணாடிக் கதவு, ஏசி, சுவரில் பெரிய பெரிய படங்கள். நாற்காலிகூட நல்ல நாற்காலி. என்னென்ன இருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன். அதை மறைப்பானேன்.

வழியில் அவளிடம் விவரம் சொல்லியிருந்தேன். டைட்டஸிடம் முந்தின நாளே போனில் சொல்லியிருந்தேன். அவன் படத்தைத் திரையில் திறந்து வைத்துவிட்டு நகர்ந்து நின்றான்.

அவள் முதலில் முகத்தைப் பார்க்கவில்லை. செருப்பைப் பார்த்தாள்.

“இது என் செருப்பு. வார் அறுந்துபோச்சு, தூரப் போட்டுருங்கன்னு சொல்லிட்டுதான் நான் கார்ல ஏறினேன்” என்றாள். “மறுவீட்டுக்கு வந்தப்ப நடையோரமா இருந்திச்சு. தைச்சு வச்சிருந்தாவ. யாரு தைச்சா, என்னன்னு நான் கேக்கவே இல்ல. போட்டுக்கிட்டு கிணத்தடிக்குப் போயிட்டேன்.”

அதற்குப் பிறகுதான் முகத்தைப் பார்த்தாள். நாங்கள் இரண்டு பேரும் வேறு பக்கம் பார்த்தோம்.

முந்தானையால் கண்ணைத் துடைத்துவிட்டு, இதுதான் அப்பா, இதையே பெரிதாகப் போட்டுக் கொடுங்கள் என்றாள். டைட்டஸ் சரி என்றான். பிறகு, இவ்வளவு நல்ல படத்தை வெளியே யாருக்கும் காட்டவில்லையா என்று அவனைக் கேட்டாள். கேட்க வேண்டும் என்று கேட்கவில்லை. சும்மா கேட்டாள்.

டைட்டஸ் மறைக்கவில்லை. ஒரு புத்தகம் போடுவதாகவும், அதில் வைத்திருந்ததாகவும் சொன்னான். “அண்ணன் வேண்டாம்னாவ. எடுத்துட்டேன். வச்சிருந்தா அச்சுக்குப் போறதுக்கு முன்னால உங்க வீட்டுல வந்து கேட்டிருப்பேன்.”

பொன்மலர் என் பக்கம் திரும்பினாள். கோபமில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். “ஏண்ணே வேண்டாம்னிய?”

எனக்கு அந்தக் காரணம் மனப்பாடம். உட்கார வைத்த மாதிரி இருக்கிறது, நம்ப மாட்டார்கள். வாய் வரைக்கும் வந்தது. அவள் கண் இன்னும் ஈரமாக இருந்தது.

“புத்தகத்துலயே அதுதான் நல்ல படம். அதான்” என்றேன்.

அவளுக்குப் புரியவில்லை. நான் ஏதோ மாற்றிச் சொல்லிவிட்டேன் என்று நினைத்திருப்பாள். டைட்டஸுக்குப் புரிந்துவிட்டது. என்னை ஒரு தடவை பார்த்தான். திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். டீ வாங்கி வருகிறேன் என்று எழுந்து போனான். ஆபீஸில் மூன்று பேர் வேலைக்கு இருக்கிறார்கள். அவனே போனான். கடை கீழேயே இருக்கிறது. வர வெகுநேரம் ஆனது.

மூன்று டீயோடு வந்தான். அவளுக்கு முதலில் கொடுத்தான். என் டம்ளரை மேசையில் வைத்தான், கையில் கொடுக்கவில்லை. குடித்துப் பார்த்தேன். சர்க்கரை போடாத டீ. என்னிடம் இருந்த ஆறு வருஷமும் அப்படித்தான் வாங்கி வருவான்.

படத்தைப் புத்தகத்தில் வைக்கலாமா என்று அவளைக் கேட்டான். அவள் வைக்கச் சொன்னாள். அப்பா பெயரைப் போட வேண்டும் என்றாள். சுயம்புலிங்கம் என்று முழுப் பெயரையும் எழுத்துக் கூட்டிச் சொன்னாள். அவன் எழுதிக்கொண்டான்.

கிளம்பும்போது வாசல் வரை வந்தான். வேறு ஏதாவது படத்தையும் அப்படிச் சொன்னீர்களா என்று கேட்டான். இல்லை, இது ஒன்றுதான் என்றேன். சரி என்று கதவைச் சாத்திக்கொண்டான்.

வீட்டுக்கு வந்து மெர்லினிடம் நடந்ததைச் சொன்னேன். கேட்டுவிட்டு, பரீட்சைத் தாள் கட்டை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். நீங்கள் போனது நல்லது என்றாள். ரொம்ப நல்லது என்று சொல்லவில்லை.

செப்டம்பர் 7, ஞாயிறு

டைட்டஸ் புத்தகம் இன்று மாடியில் வெளியீடு. எனக்குக் கல்யாண வேலை இருந்தது. உண்மையிலேயே இருந்தது. மெர்லின் போய்விட்டு வந்தாள். நல்ல கூட்டமாம்.

செப்டம்பர் 11, வியாழன்

போய்ப் பார்த்தேன். ஹசீனா டீ கொடுத்தார்.

வெள்ளைத் துணி அட்டை. தாள் நல்ல தாள். மைக்குக் கொஞ்சம் பச்சைச் சாயல் ஏறியிருக்கிறதோ என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஏறவில்லை. சுயம்புவின் படத்துக்கு எதிர்ப் பக்கத்தை வெறுமையாக விட்டிருக்கிறான். நானும் அப்படித்தான் விட்டிருப்பேன் என்று நினைத்துக்கொண்டேன். நான் அந்தப் படத்தை எடுக்கவே இல்லை என்பது பிறகுதான் உறைத்தது.

நன்றி சொல்லியிருக்கும் பக்கத்தில் சமையல்காரர்கள் பெயர் இருக்கிறது, வேன் டிரைவர் பெயர் இருக்கிறது, பொன்மலர் பெயர் இருக்கிறது. என் பெயர் இல்லை. இரண்டு முறை தேடினேன்.

ஒரு பிரதி வாங்கினேன். என்ன நினைக்கிறீர்கள் என்று ஹசீனா கேட்டார். நல்ல புத்தகம் என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். வீட்டுக்கு நடந்தே வந்தேன்.

அக்டோபர் 16, வியாழன்

ஐப்பசி முகூர்த்தங்களுக்கு ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். மதியம் ஒரு பெரியவர், மகள் கல்யாணம், பெரிய இடம். உட்கார வைத்து என் ஆல்பங்களைக் காட்டினேன். மரியாதைக்காக எல்லாப் பக்கத்தையும் புரட்டினார். மூடி வைத்துவிட்டு, தப்பாக நினைக்கக் கூடாது என்று ஆரம்பித்தார். மண்டபங்களைப் பற்றிப் புத்தகம் போட்ட தம்பி உங்களிடம் வேலை பார்த்தவராமே, அவர் நம்பர் கிடைக்குமா என்றார்.

போனை எடுத்துப் பார்த்துச் சொன்னேன். கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டார். சரிதானா என்று திரும்ப வாசித்துக் காட்டினார். கடைசி இரண்டு எண்ணை இடம் மாற்றி எழுதியிருந்தார்.

என் ஆல்பங்களை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினேன். அவர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் குத்திவிட்டார். எழுந்தும்விட்டார்.

திரும்பக் கூப்பிட்டுத் திருத்திக் கொடுத்தேன்.